நானூத்திப் பன்னண்டு புஸ்தகமும் அப்படியே இருக்கு

உக்காருங்க டீச்சர். அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். அதிகாரிங்க வந்தா அதத்தான் போடுவேன், சீக்கிரம் எந்திரிச்சுப் போயிருவாங்க. நீங்க இப்படி ஸ்டூல்ல உக்காருங்க.

ஜாயினிங் ரிப்போர்ட் வாங்கிக்கிட்டேன். மூணாங்கிளாஸ் உங்களுக்கு, முப்பத்தொண்ணு பிள்ளைக. மூணாங்கிளாஸ் டீச்சருக்குத்தான் நூலகப் பொறுப்பும், இங்க அதான் வழக்கம். அந்தா நிக்குல்லா, பச்சைப் பீரோ, அதான் நம்ம நூலகம். இந்தா லிஸ்ட். கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து, அம்புட்டுத்தான்.

எண்ணிப் பாக்கணுமா? எதுக்குங்கேன்? நான் இந்த ஸ்கூலுக்கு எச்.எம்மா வந்து பன்னண்டு வருஷம். அன்னைக்கும் நானூத்திப் பன்னண்டு, இன்னைக்கும் நானூத்திப் பன்னண்டு. கண்ணாடி வழியாப் பாருங்க. ஒரு அட்டை கசங்கியிருக்கா? ஒரு ஓரம் மடங்கியிருக்கா? பாதிப் புஸ்தகத்துக்கு மேல சுத்தி வந்த பிளாஸ்டிக் தாளக்கூட நான் பிரிக்கல. பக்கத்து ஸ்கூல்ல போயிப் பாருங்க, பிள்ளைக தின்னு துப்பின மாதிரி கெடக்கும். குரங்கு கையில பூமாலையக் குடுத்தா அப்படித்தான். வந்த அதிகாரி ஒவ்வொருத்தரும் என்கிட்ட கேட்டிருக்காங்க, எப்படிம்மா இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்கன்னு.

என்னது? அப்ப எப்பத்தான் படிப்பாங்களாவா?

நீங்களும் அதே கேள்வியக் கேக்கீங்க பாருங்க. உங்களுக்கு முந்தி இருந்தவளும் வந்த மொத நாளே இதான் கேட்டா. சுகிர்தான்னு பேரு. அந்தக் கதையச் சொல்லிட்டா உங்களுக்கும் நல்லது எனக்கும் நல்லது. டீ வாரதுக்குள்ள சொல்லிருதேன்.

மொதல்ல இங்க முறை என்னன்னு தெரிஞ்சுக்கிடுங்க. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் நூலகம். டைம்டேபிள்ல இருக்கு, பாத்துக்கிடுங்க. இந்தா, இதான் வழங்கல் பதிவேடு. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். புஸ்தகத்தோட பேரு, எடுத்த தேதி, திருப்பின தேதி, கையெழுத்து. வியாழக்கிழமை சாயங்காலம் நான் உக்காந்து அத்தனை பிள்ளைக்கும் புஸ்தகத்துப் பேரு எழுதிருவேன். சும்மா கண்ண மூடிக்கிட்டு எழுத மாட்டேன் கேட்டீங்களா, சின்னதுகளுக்குப் படப் புஸ்தகம், பெருசுகளுக்கு அறிவியல், பொம்பளப் பிள்ளைகளுக்கு நீதிக்கதைன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் எழுதுவேன். முதுகு ஒடிஞ்சிரும். வெள்ளிக்கிழமை பிள்ளைக வரிசையா வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போகும். அம்புட்டுத்தான் நூலகம். நம்ம பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியுதோ இல்லையோ, கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி போடும். கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வந்த ஒரு அம்மாவே மெச்சியிருக்காங்க.

ஏமாத்துன்னு நெனச்சுறாதீங்க. புஸ்தகம் காணாமப் போனா யாரு தலை உருளும்? என் தலைதான். பிள்ளையோட தலையா உருளும்?

சுகிர்தா வந்தா. வயசு இருபத்தாறு. வந்தவ நாற்காலியில உக்காந்து பாடம் நடத்தினான்னு ஒரு நாள் சொல்ல முடியாது. தரையில சம்மணம் போட்டு உக்காந்து, புஸ்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு, கழுதை மாதிரி கத்துறதும் தவளை மாதிரி கத்துறதும், பிள்ளைக விழுந்து விழுந்து சிரிக்கிறதும், எனக்கு இங்க தலை வலிக்கும். பீரோ சாவியக் கேட்டா. நான் குடுக்கல. உடனே ஒரு கட்டைப்பை நெறைய சொந்தமாப் புஸ்தகம் கொண்டுவர ஆரம்பிச்சுட்டா. பழைய புஸ்தகம், கிழிஞ்ச புஸ்தகம். சரி, அவ காசு, அவ புஸ்தகம், என்னமும் பண்ணிட்டுப் போறான்னு விட்டேன். அதான் நான் செஞ்ச தப்பு. வேலியில போன ஓணான எடுத்து மடியில கட்டிக்கிட்டேன்.

அந்தக் கிளாஸ்ல ஒரு பிள்ளை. பேச்சிக்கனி. அம்மாக்காரி சொர்ணம் பீடி சுத்துறவ, அப்பன் கேரளாவுல எங்கயோ கட்டட வேலை. மூணாங்கிளாஸ் வந்தும் ஆனா ஆவன்னா தெரியாத பிள்ளை அது. இங்க மூணு படி வச்சிருக்கோம்லா, எழுத்து தெரியாததுகள அரும்பு, கூட்டி வாசிக்கிறதுகள மொட்டு, கடகடன்னு வாசிக்கிறதுகள மலர்னு. இவ அரும்புலயும் கடைசி. எந்நேரமும் வாயப் பொளந்துக்கிட்டு இருப்பா. நாலு மாசத்துல அந்தப் பிள்ளை வாசிக்க ஆரம்பிச்சிருச்சு. எனக்கே ஆச்சரியம்தான், இல்லைங்கல. ஆனா வாசிக்கத் தெரிஞ்சா அடக்கமும் தெரியணும்லா?

ஒரு வெள்ளிக்கிழமை. வரிசையில வந்து நிக்கா. பேனாவக் கையில குடுத்தேன். கையெழுத்துப் போடாம அந்தப் பக்கத்தையே குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்கா. என்னட்டின்னேன். "டீச்சர், நான் 'நண்டு வீட்டுக் கல்யாணம்' படிச்சேன்னு போட்டிருக்கு"ன்னா. ஆமா, அதுக்கென்னன்னேன். "நான் படிக்கலயே டீச்சர். எப்பத் தருவிய?"ன்னா!

பின்னால நிக்க பிள்ளைக எல்லாம் என்ன என்னன்னு எட்டிப் பாக்குதுக. இவ சும்மா இருந்தாளா? ஒவ்வொருத்தன் பக்கமாப் புரட்டி, ஒனக்கு 'தேரைக்கு வந்த ஜலதோஷம்' போட்டிருக்குடா, ஒனக்கு 'நிலாவுக்கு யார் சட்டை தைத்தது' போட்டிருக்குட்டின்னு வாசிக்கா. உடனே அதுகளும், எனக்கு எங்க டீச்சர், எனக்கு எங்க டீச்சர்னு. சந்தைக்கடை மாதிரி ஆயிப்போச்சு. பன்னண்டு வருஷத்துல ஒரு பிள்ளை அந்தப் பதிவேட வாசிச்சதில்ல. அது வாசிக்கிறதுக்கா வச்சிருக்கு?

விரல் முட்டியில ரெண்டு போட்டேன். கையெழுத்துப் போடுறதுக்குக் கை போதும், வாய் எதுக்குன்னு கேட்டேன். போட்டுட்டுப் போனா. ஆனா போகும்போது திரும்பி அந்தப் பீரோவப் பாத்தா பாருங்க ஒரு பார்வை, எனக்குப் பிடிக்கல.

அப்பறம் ஒரு வியாழக்கிழமை எனக்கு மீட்டிங். போன எடத்துல அதிகாரி வரல, சீக்கிரம் திரும்பிட்டேன். மூணு மணி இருக்கும். கேட்டத் திறந்து உள்ள வாரேன், ஸ்கூல்ல ஒரு சத்தம் இல்ல. சத்தம் இல்லேன்னதும் எனக்குப் பக்குன்னுச்சு. பிரைமரி ஸ்கூல்ல சத்தம் இல்லேன்னா ஒண்ணு ஏதோ செத்திருக்கணும், இல்ல அதிகாரி வந்திருக்கணும். ஓடி வந்து பாத்தா, பீரோ ரெண்டு கதவும் பப்பரப்பான்னு திறந்து கெடக்கு. புஸ்தகம் எல்லாம் தரையில. பிள்ளைக எல்லாம் குப்புறப் படுத்துக்கிட்டுக் கெடக்கு, ஆளுக்கொரு புஸ்தகம். நான் வந்தது ஒண்ணுக்கும் தெரியல. ஒரு பிள்ளை எந்திரிச்சு வணக்கம் சொல்லல! நடுவுல அந்த மகராசி உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்கா. என் மேசை டிராயர்ல இருந்த சாவிய எடுத்திருக்கா. ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு வாரிக் குடுத்துட்டா.

அத்தனையையும் பிடுங்கி அடுக்க வச்சேன். எண்ணினேன். நானூத்திப் பதினொண்ணு. மறுபடி எண்ணினேன். நானூத்திப் பதினொண்ணுதான். எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு டீச்சர், பொய் சொல்லல. எதுன்னு பாத்தா, 'நண்டு வீட்டுக் கல்யாணம்'. அந்தப் பிள்ளைய ஆளக் காணோம். சுகிர்தா சாவகாசமாச் சொல்றா, "பேச்சிக்கனிதான் மேடம் வீட்டுக்குக் கேட்டுச்சு, நான்தான் அரை மணி முந்தியே அனுப்பி வச்சேன், நாளைக்குக் கொண்டு வந்துரும்"னு.

மறுநாள் காலையில கொண்டுவந்தா. பழைய ஜாக்கெட் துணியில சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வாரா. வாங்கிப் பாத்தா புஸ்தகம் பூரா பீடித்தூள் வாடை. ஒரு பக்கத்துல எண்ணெய் விரல். ஓரம் மடங்கியிருக்கு. இவ என்ன சொல்றா தெரியுமா? "டீச்சர், அம்மைக்கு வாசிச்சுக் காட்டணும்னு கொண்டுபோனேன். அம்மை பீடிக்கெட்டு முடிக்கணும், நாளைக்குக் கேக்கேன்னுட்டா. இன்னும் ஒரே ஒரு நாள் குடுங்க டீச்சர். அம்மை நான் வாசிச்சு ஒரு தடவ கூடக் கேட்டதில்ல டீச்சர்." ஒரே ஒரு நாளாம். இடம் குடுத்தா மடத்தப் பிடுங்குற கதை.

நான் பதிவேட எடுத்தேன். அந்த வாரம் 'நண்டு வீட்டுக் கல்யாணம்' யாரு பேர்ல இருக்கு? அஞ்சாங்கிளாஸ் மரகதவல்லி பேர்ல இருக்கு. அவளே கையெழுத்தும் போட்டிருக்கா. பதிவேட்டுப்படி புஸ்தகம் மரகதவல்லி கையில இருக்கு. அப்ப இவ வீட்ல எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. திருட்டுத்தான? சுகிர்தா குறுக்க விழுந்து, நான்தான மேடம் குடுத்தேன்னு கத்துறா. சரிம்மா, நீ குடுத்தேன்னா, எச்.எம் மேசையத் திறந்து சாவிய எடுத்தேன்னு எழுதிக் குடுன்னேன். எழுதிக் குடுத்துட்டா, அவளுக்கு அம்புட்டுத் திமிரு. மேல அனுப்பினேன். ரெண்டே வாரத்துல மாறுதல், மலை மேல ஏதோ ஒரு ஸ்கூலாம். பஸ் கெடையாது, நடந்துதான் போகணுமாம். நடக்கட்டும், வயசுப்பிள்ளைதான.

அவ கணக்கு முடிஞ்சது. பிள்ளைய விட முடியுமா? விட்டா நாளைக்கு முப்பத்தொண்ணும் இதத்தான் செய்யும். அதனால நானே உக்காந்து ஒரு ஒப்புதல் கடிதம் எழுதினேன். எனக்கு மனப்பாடம், சொல்லட்டுமா? "மூன்றாம் வகுப்பு பயிலும் மாணவி பேச்சிக்கனி ஆகிய நான், பள்ளி நூலக உடைமையான நூலொன்றை அனுமதியின்றி அபகரித்து இல்லத்தில் வைத்திருந்தேன் என்பதையும், இச்செயலுக்கு என் தாயாரின் வளர்ப்புக் குறைபாடே காரணம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இனி எக்காலத்தும் நூல்களைத் தீண்ட மாட்டேன் என உறுதியளிக்கிறேன்." நல்லாயிருக்கா? அந்தக் காலத்துல எனக்கு மாவட்ட அளவுல கட்டுரைப் போட்டியில பரிசெல்லாம் உண்டு.

பிள்ளைய முந்துன நாளே கூப்பிட்டு ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டினேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் சொன்னேன். அபகரித்துன்னா திருடின்னு அர்த்தம்ட்டி, வளர்ப்புக் குறைபாடுன்னா ஒங்கம்மை ஒன்னைய ஒழுங்கா வளக்கலன்னு அர்த்தம்ட்டின்னு. அர்த்தம் தெரியாம வாசிச்சா அது என்ன தண்டனை? நாளைக்கு ஒங்கம்மை வருவா, அவ முன்னால நீ இத வாசிக்கணும்னேன்.

சொர்ணம் வந்தா. வேலைய அப்படியே போட்டுட்டு ஓடி வந்திருக்கா, விரலெல்லாம் தூளு. அந்தா, அந்தக் கதவுக்கிட்டத்தான் நின்னா, உள்ள வரச் சொன்னாலும் வரல. பள்ளிக்கூடத்துக்குள்ள கால் வச்சதே இல்லையாம் அவ. என்ன தப்புப் பண்ணினா டீச்சர், நல்லா அடிங்க டீச்சர்னு ஆரம்பிச்சா. அடிக்கிறது இப்ப கூடாதும்மா, சட்டம் இருக்கு, ஒம்மக வாசிப்பா, நீ கேளுன்னேன்.

பிள்ளை பேப்பரக் கையில வாங்கினா. கொஞ்ச நேரம் அம்மாவப் பாத்தா. வாசின்னேன். வாசிச்சா டீச்சர். சொன்னா நம்ப மாட்டீங்க. அபகரித்துன்னு வார எடத்துல தடுக்கும்னு நெனச்சேன், தடுக்கல. கமா வந்தா நின்னா, முற்றுப்புள்ளி வந்தா மூச்சு விட்டா. கண்ணுல இருந்து தண்ணி பேப்பர்ல சொட்டுது, ஆனா ஒரு எழுத்துப் பிசகல. நம்ம ஸ்கூல்ல அப்படி ஒரு வாசிப்பு நான் கேட்டதே இல்ல.

சொர்ணம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கா. செந்தமிழ்ல எழுதினது அவளுக்கு எங்க வெளங்கும்? நாம பேசுற தமிழா அது? "ஏ டீச்சர், எம்மவ பேப்பரப் பாத்து வாசிக்கா! ரேடியோவுல வாசிக்கிற மாதிரில்லா வாசிக்கா!"ன்னா. கைய எடுத்துக் கும்பிடுறா. அவளுக்கும் கண்ணுல தண்ணி. "எங்க வம்சத்துலயே ஒருத்தரும் எழுத்தப் பாத்து வாசிச்சதில்ல டீச்சர். இன்னொரு மட்டம் வாசிக்கச் சொல்லுங்க டீச்சர், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்"னா.

நானா கேட்டேன்? பெத்தவதான் கேட்டா. சரின்னு, வாசிட்டி இன்னொரு மட்டம்னேன். அந்தப் பிள்ளை என்னைய நிமிந்து பாத்துச்சு. வாசின்னேன். மறுபடி வாசிச்சா, மொத வரியில இருந்து கடைசி வரிக்கும்.

சொர்ணம் கைநாட்டு வச்சா. ரெண்டு பிரதி எழுதியிருந்தேன், ஒண்ணு ஃபைலுக்கு, ஒண்ணு பெற்றோருக்கு, அதான் முறை. அத வாங்கி ஏதோ கோயில் திருநீறு மாதிரி கண்ணுல ஒத்தி மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டுப் போனா. நானும் எதுவும் சொல்லல. சந்தோசமாப் போறவள எதுக்குக் கெடுப்பானேன்? எனக்கு ஒண்ணும் கல்லு மனசு இல்ல.

கதை இங்கயே முடிஞ்சிருக்கணும். முடியல.

ஒரு மூணு வாரம் கழிச்சு சொர்ணம் மறுபடி வந்தா, கூப்பிடாமலே. மடி நெறையச் சீனிக்கிழங்கு. என்னம்மான்னேன். "டீச்சருக்குக் குடுக்கணும்னு வந்தேன். நீங்க எழுதிக் குடுத்த கதைய தெனமும் எம்மவ எங்களுக்கு வாசிக்கா"ன்னா.

என்ன கதைன்னேன்.

"அதான் டீச்சர், அந்த நண்டுக் கல்யாணம். சாயங்காலம் ஏழெட்டுப் பொம்பளைக மொத்தமா உக்காந்து பீடி சுத்துவோம். எம்மவ அந்தப் பேப்பர எடுத்துவச்சு வாசிப்பா. மொத நாளு நண்டு பொண்ணு பாக்கப் போச்சு. பக்கவாட்டுல நடந்து நடந்து அடுத்த வீட்டுக்குள்ள போயிருச்சுலா! சிரிச்சுச் சிரிச்சு எனக்கு இலையே வெட்ட வரல. நேத்து மாப்பிள நண்டு தாலி கெட்டப் போயி, கொடுக்கால மாலைய வெட்டிருச்சு. பொண்ணு வீட்டுக்காரன் சண்டைக்கு வந்துட்டான். இன்னைக்கு என்ன ஆகுமோன்னு எல்லாரும் காத்துக்கெடக்காளுவ. அஞ்சு விரல் அகலப் பேப்பர்ல எம்புட்டு எழுதியிருக்கிய டீச்சர்! வாசிக்க வாசிக்க வந்துக்கிட்டே இருக்கே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பாத்தீங்களா அந்தப் பிள்ளையோட நெஞ்சழுத்தத்த? நான் எழுதிக் குடுத்தது என்ன, இவ வாசிக்கிறது என்ன? அரசாங்கப் பள்ளிக்கூடத்துச் சீல் வச்ச கடுதாசி அது. அதக் கையில வச்சுக்கிட்டு, வாய்க்கு வந்தத வாசிக்கிற மாதிரி நடிச்சு, பெத்த தாய ஏமாத்தியிருக்கா, தெருவ ஏமாத்தியிருக்கா. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கும்பாக, இவ புளுகு இருபது நாள் ஓடியிருக்கு. எழுதியிருக்கது ஒண்ணு, நடக்கது ஒண்ணுன்னா நான் எப்படிப் பாத்துக்கிட்டு இருப்பேன்? எனக்குப் பொய் மட்டும் ஆகவே ஆகாது டீச்சர்.

அந்தப் பேப்பரக் குடும்மான்னேன். இடுப்புலதான் வச்சிருந்தா. கிளாஸ்ல இருந்து பிள்ளையக் கூப்பிட்டேன். ரெண்டு பேரையும் இங்கயே, இந்த மேசைக்கு முன்னால நிறுத்தினேன். பேப்பர விரிச்சு வச்சு, இதுல நண்டு எங்கட்டி இருக்கு, தொட்டுக் காட்டுன்னேன்.

தொடல. தொடுன்னு ஒரு சத்தம் போட்டேன். விரல ஒரு எடத்துல வச்சா. நான் அந்த எடத்த வாசிச்சேன். "தாயாரின் வளர்ப்புக் குறைபாடே காரணம்." சொர்ணத்துக்கு வெளங்குற தமிழ்ல அர்த்தமும் சொன்னேன். ஒங்கம்மை ஒழுங்கா வளக்காததால நான் திருடினேன்னு இந்த ஸ்கூல்ல ஒம்மக சொல்லியிருக்காம்மா, ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ, ஒன் முன்னாலயே, நீதான் இன்னொரு மட்டம் கேட்டேன்னேன். மொத வரியில இருந்து எல்லாத்துக்கும் அர்த்தம் சொன்னேன்.

சொர்ணத்துக்கு மொகம் செத்துப்போச்சு. அந்தப் பேப்பரப் பாக்கா, பிள்ளையப் பாக்கா. அடிக்கப் போறான்னு நெனச்சேன். அடிக்கல. "ஏட்டி, அப்ப நண்டு?"ன்னா. இவ தலையக் குனிஞ்சுக்கிட்டு, "நானாச் சொன்னேம்மா"ன்னா. "அப்ப இந்த டீச்சர் சொல்லுததத்தான் நீ அன்னைக்கு வாசிச்சியா? தெரிஞ்சா வாசிச்ச? எம்மொகத்தப் பாத்துக்கிட்டா வாசிச்ச?"ன்னு கேக்கா.

பிள்ளை என்னையப் பாத்தா. பேப்பரப் பாத்தா. கடைசியா அம்மாவப் பாத்துச் சொன்னா, "எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா"ன்னு.

"தெரியாதா?"

"தெரியாதும்மா. டீச்சர் சொல்லிக்குடுத்தாவ, மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேன். என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாதும்மா."

சொர்ணம் என்ன நெனச்சாளோ, பிள்ளை தலையில கைய வச்சு, "சரி, தெரியாட்டாப் போகுது, விடு"ன்னா. பேப்பர என் மேசையிலயே விட்டுட்டுப் போயிட்டா. கிழங்கையும் விட்டுட்டுப் போயிட்டா. அன்னைக்கே அவிச்சோம், நல்ல இனிப்பு.

எனக்கே அப்பத்தான் உறைச்சுச்சு. அடடா, நான் ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டினேன்லா, அத அப்படியே கிளி மாதிரி பிடிச்சிருக்கா! பதிவேட வாசிச்சாளேங்கீங்களா? சுகிர்தாதான் சொல்லிக் குடுத்து அனுப்பியிருப்பா, என்னைய மாட்டிவிடணும்னு. அன்னையில இருந்து எந்தப் புஸ்தகத்தக் குடுத்தாலும், எந்த எழுத்தத் தொட்டாலும் தெரியாதுன்னு ஒரே பதில்தான். பீடி சுத்துற எடத்துல அவ கதை சொல்றதும் இல்லையாம். பொம்பளைக ஒண்ணு ரெண்டு நாள் நண்டுக்கள்ளி நண்டுக்கள்ளின்னு கேலி பண்ணிட்டு விட்டுட்டாளுவளாம். பாத்தீங்களா, கழுதை மாதிரி கத்திச் சொல்லிக் குடுத்த படிப்பு மூணு மாசம் நிக்கல. நான் மலர்ல இருந்து எடுத்துத் திரும்ப அரும்புல போட்டுட்டேன், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளோட உக்காந்து ஆனா எழுதுது. நீங்க அவளப் போட்டு நோண்ட வேணாம், அத நெனப்புல வச்சுக்கிடுங்க.

இந்தா, டீ வந்துட்டு. வாங்க முத்துப்பேச்சி, இங்க வைங்க. நம்ம சமையல் அம்மா, டீ நல்லாப் போடுவா. வடையும் வாங்கிட்டு வந்திருக்காளா? சூடா இருக்கு, எடுத்துக்கிடுங்க டீச்சர். இப்படி வடை சுத்தின பத்திரிகைப் பேப்பரோட நடுவுல வைங்க.

முத்துப்பேச்சி, போற வழியில அந்தப் பேச்சிக்கனிய வரச் சொல்லுங்க. நீங்களே பாத்துருங்க டீச்சர், அப்பறம் நான் சொன்னதுல ஒங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது.

வா. உள்ள வா. இவங்கதான் ஒங்க புது டீச்சர், வணக்கம் சொல்லு. ஆங். இந்தச் சுவத்துல எழுதியிருக்கது என்னட்டி? தெரியாதா? சரி, இந்த ஒரு எழுத்து? இது? பாருங்க, ப கூடத் தெரியல. ஒங்கம்மை நல்லா இருக்காளா? சரி.

பாத்தீங்களா டீச்சர்? பொய் சொல்றவங்க மூஞ்சி எனக்குத் தெரியும், முப்பது வருஷ சர்வீஸ். இந்தப் பிள்ளை சொல்றது நெஜம்.

என்னட்டி மேசையையே பாத்துக்கிட்டு நிக்க? வடையப் பாக்கா பாருங்க. உதடு அசையுது, எச்சி ஊறுது போல. பாவம், காலையில என்ன தின்னாளோ. இந்தா பிடி, கடைசி வடை, தின்னு. என்னது? பேப்பரோட வேணுமா? சரி, அதையும் எடுத்துட்டுப் போ. ஓடு.

எனக்கு ஒண்ணும் அவ மேல கோவம் இல்ல டீச்சர். பிள்ளைதான. நீங்க டீயக் குடிங்க, ஆறிருச்சு பாருங்க.

அங்க பாருங்க, ஜன்னல் வழியாப் பாருங்க! முழு வடையையும் அந்த ஒண்ணாங்கிளாஸ் குட்டிகிட்டக் குடுத்துட்டா. பேப்பர மட்டும் வச்சுக்கிட்டு, கழுவுற தொட்டிக்குப் பின்னால போயி உக்காருறா. எண்ணெய்ப் பேப்பர்ல என்ன இருக்கு? முட்டியில வச்சு நீவி நீவி விடுறாளே. கிறுக்கு. ஏட்டி பேச்சிக்கனி! யாரு ஒன்னைய அங்க உக்காரச் சொன்னது? எந்திரி! அதக் கிழிச்சுக் குப்பைத்தொட்டியில போடு. ரெண்டாக் கிழிச்சாப் போதுமா? இன்னும் சின்னதாக் கிழி, இல்லேன்னா காத்துல பறக்கும். ஆங், அப்படி. போடு.

போட்டுட்டா. பாத்தீங்களா டீச்சர், இப்பல்லாம் சொன்னாக் கேக்கா. நல்ல பிள்ளைதான்.